‘டூ’ சுமக்கும் காலம்

ஆங்கிலத்தின் ‘டூ’ என்ற வினைச்சொல்லுக்குச் ‘செய்’ என்று பொருள் எழுதிப் படித்தவர்கள் நாம். அந்தப் பொருளில் பிழையில்லை. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் ஒரு நாளில் இந்தச் சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்துகிறார் என்று கவனித்தால், பல இடங்களில் செயல் என்று எதுவுமே இருக்காது. ‘டஸ் இட் ரெயின் ஹியர்?’ என்று கேட்கும்போது யாரும் எதையும் செய்வதில்லை. ‘ஐ டோண்ட் நோ’ என்பது அறியாமையைச் சொல்கிறது. அங்கேயும் செயல் இல்லை. இந்த இடங்களில் ‘டூ’வை உருவி எடுத்தால் பொருள் குறையாது, வாக்கியம்தான் நிற்காது. ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவான ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ் மொழிகளில் இப்படி ஒரு கட்டாயம் கிடையாது. வினையை முன்னே கொண்டுவந்து வைத்தால் போதும், கேள்வி பிறந்துவிடும். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலேயருக்கும் அந்த வழி திறந்தே இருந்தது. அவருடைய நாடகங்களில் ‘நோ யூ’ என்றும் கேட்கிறார்கள், ‘டூ யூ நோ’ என்றும் கேட்கிறார்கள்.

பொருளற்ற ஒரு சொல் கேள்விக்கும் மறுப்புக்கும் எப்படி இன்றியமையாததாயிற்று? ஆங்கில மொழி வரலாற்றில் இவ்வளவு விவாதிக்கப்பட்ட இலக்கணச் சிக்கல்கள் குறைவு. வேர்ச்சொல் ஆய்வு, கையெழுத்துச் சுவடிகள், வட்டார வழக்குகள், பழைய கடிதங்கள் என்று பல பக்கங்களிலிருந்தும் இதற்கு விடை தேடியிருக்கிறார்கள். இந்த வழக்கில் தமிழுக்கும் ஒரு சாட்சியம் உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் வேர். ‘டூ’வின் மிகப் பழைய பொருள் ‘செய்’ அல்ல, ‘வை’. சமஸ்கிருதம், பாரசீகம், கிரேக்கம், லத்தீன், ஜெர்மானிய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதை மொழியில் ‘தே’ என்பதை ஒட்டி ஒலித்த ஒரு வேர் இருந்தது. ஒன்றை ஓரிடத்தில் வைப்பது, நிலைநிறுத்துவது என்பது அதன் பொருள். 1816இல் ஃபிரான்ஸ் பாப் சமஸ்கிருத வினைத்திரிபுகளை ஐரோப்பிய மொழிகளோடு ஒப்பிட்டு எழுதினார். 1822இல் யாக்கோப் கிரிம் ஜெர்மானிய மொழிகளின் ஒலிமாற்றத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தார். இந்த இரண்டும் கைக்கு வந்த பிறகுதான் இப்படிப்பட்ட வேர்களை நம்பிக்கையோடு சொல்ல முடிந்தது. மூதாதை மொழியில் மூச்சோடு ஒலித்த அந்தத் தகரம் சமஸ்கிருதத்தில் அப்படியே நின்றது, ஆங்கிலத்தில் டகரமாயிற்று, கிரேக்கத்தில் ‘தீசிஸ்’ என்ற சொல்லின் முதலொலியாயிற்று, லத்தீனில் சொல்முதலில் வந்தபோது ஃபகரமாயிற்று. ஆகவே ‘தீசிஸ்’, ‘தீம்’, ‘ஃபேக்டரி’, ‘பெர்ஃபெக்ட்’, ‘ஆஃபீஸ்’ எல்லாம் ‘டூ’வின் தாயாதிகள்.

நம் காதுக்குப் பழகிய உறவினர்களும் உண்டு. சமஸ்கிருதத்தில் இந்த வேர் மூச்சொலியோடு கூடிய ‘தா’. ‘கொடு’ என்று பொருள்படும் ‘தா’ வேறு. மூச்சொலி ‘தா’விலிருந்து பிறந்து தமிழுக்கு வந்தவை பல: கீழே வைக்கப்பட்டது நிதி, சேர்த்து வைத்தது சந்தி, ஒருமுகப்படுத்தி வைத்தது சமாதி. வினைச்சொல்லின் அடியைக் குறிக்க வடமொழி இலக்கணம் வைத்திருக்கும் ‘தாது’ என்ற சொல்லும் இதிலிருந்தே வந்தது. 11ஆம் நூற்றாண்டின் வீரசோழியத்தில் தாதுப் படலம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. சிரத்தை என்ற சொல்லும் லத்தீனிலிருந்து வந்த ‘கிரெடிட்’டும் ஒரே கூட்டுச்சொல்லின் இரு வடிவங்கள், இரண்டின் பின்பாதியிலும் இருப்பது இந்த வேர்தான்.

இவற்றுள் ‘விதி’யிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். வகுத்து வைக்கப்பட்டது விதி. முதலில் ஒழுங்கு, சட்டம், பிறகு மனிதனுக்கு வகுக்கப்பட்ட ஊழ். பழைய ஆங்கிலத்தில் ‘டூ’வின் வேரிலிருந்து ‘டோம்’ என்று ஒரு பெயர்ச்சொல் உருவாயிற்று. நிலைநிறுத்தப்பட்டது, அதாவது சட்டம், தீர்ப்பு என்று அதற்குப் பொருள். இங்கிலாந்தின் நிலங்களையெல்லாம் கணக்கெடுத்து 1086இல் முடித்த பதிவேட்டுக்கு மக்கள் ‘டூம்ஸ்டே’ என்று பெயர் சூட்டியது இந்தப் பொருளில்தான். இறுதித் தீர்ப்பு நாளைப் போல அதற்கும் மேல்முறையீடு கிடையாது. பிறகு ‘டூம்’ ஊழாயிற்று, அழிவாயிற்று. கங்கைச் சமவெளியிலும் வட கடலோரத்திலும் ‘வை’ என்ற ஒரே வேர், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், சட்டத்தின் வழியாக ஊழைச் சென்று சேர்ந்திருக்கிறது. சொல்வரலாற்றில் என்னை இவ்வளவு வியக்க வைத்த இணை வேறில்லை.

‘வை’ என்ற பழம்பொருள் ஆங்கிலத்தில் அடியோடு மறையவும் இல்லை. உடையை மேலே போட்டுக்கொள்வதற்கு ‘டான்’, கழற்றுவதற்கு ‘டாஃப்’ என்று சற்றே பழமையான சொற்கள் உண்டு. முன்னது ‘டூ ஆன்’, பின்னது ‘டூ ஆஃப்’. இரண்டும் ஒட்டிச் சுருங்கியவை. விளக்கை அணைப்பதற்கு வட்டார வழக்கில் உள்ள ‘டவுட்’ என்பது ‘டூ அவுட்’. ஜெர்மன் வீட்டுச் சமையலறையில் இன்றும் உப்பைக் குழம்பில் போடு என்பதற்கு ‘டூ’வின் உடன்பிறப்பான ‘டூன்’ என்ற வினையைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

‘டிட்’ என்ற இறந்தகால வடிவத்துக்குத் தனிக் கதை. மூதாதை மொழியில் சில வினைகள் தம் முதல் ஒலியை இரட்டித்துக் காலம் காட்டின. சமஸ்கிருதத்தில் அந்த இரட்டிப்பு செழித்தது; ஆங்கிலத்தில் ஏறக்குறைய அழிந்துபோயிற்று. எஞ்சிய மிகச் சில தடயங்களில் ‘டிட்’ ஒன்று. முதலிலும் கடைசியிலும் ஒரே ஒலி நிற்பது அதனால்தான். இந்த ‘டிட்’தான் ஆங்கிலத்தின் ஒழுங்கான வினைகள் எல்லாவற்றுக்கும் இறந்தகால ஈறாக ஒட்டிக்கொண்டது என்று 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் வாதிட்டார்கள். சான்று கோத்திக் மொழியில் கிடைத்தது. 4ஆம் நூற்றாண்டில் பிஷப் உல்ஃபிலா விவிலியத்தைக் கோத்திக்கில் பெயர்த்தார். ஊதாச் சாயமேற்றிய தோலில் வெள்ளி மையால் எழுதிய அதன் சுவடி ஒன்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்த மொழியில் ‘பூசு’ என்ற வினைக்குத் தன்மைப் பன்மை இறந்தகாலம் ‘சல்போடேடும்’. அதன் வாலில் உள்ள ‘டேடும்’ என்பதையும், பழைய உயர் ஜெர்மனில் ‘செய்தோம்’ என்று பொருள்படும் ‘டாட்டும்’ என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். பூசு-செய்தோம் என்பதே பூசினோம் ஆகியிருக்கிறது.

இந்த விளக்கத்துக்குத் தடை இல்லாமல் இல்லை. ‘பிராட்’, ‘தாட்’ போன்ற பழைய வடிவங்களில் டகரத்தின் இடத்தில் வல்லொலி நிற்கிறது; அதை ‘டிட்’டிலிருந்து வருவிக்க ஒலிவிதிகள் இடம் தருவதில்லை. அவை பழைய எச்ச வடிவங்களிலிருந்து வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். இரண்டு ஓடைகள் ஒன்றாகக் கலந்தன என்ற சமரசமே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அதை ஏற்றால் ஒரு விந்தையான முடிவு கிடைக்கும். ‘டூ’ ஆங்கிலத்தின் காலத்தை இருமுறை சுமக்க வந்திருக்கிறது. முதன்முறை, உல்ஃபிலாவுக்கும் பல நூற்றாண்டு முன்பு, வினையின் வாலில் ஒட்டி ஈறாகக் கரைந்தது. இரண்டாம் முறை, இடைக்கால இங்கிலாந்தில், தனிச்சொல்லாக வினைக்கு முன்னே வந்து நின்றது.

அந்த இரண்டாம் வரவில்தான் வழக்கு சூடுபிடிக்கிறது. பொருளற்ற ‘டூ’வை எழுத்தில் நாம் முதலில் காண்பது 13ஆம் நூற்றாண்டில், இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதிச் செய்யுள்களில். வினையை வரிக்கடைசியில் இயைபுக்கு நிறுத்தவும் அசை குறையும் இடத்தை நிரப்பவும் அது கவிஞர்களுக்கு உதவியது. எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை தேடி 1953இல் ஸ்வீடிஷ் அறிஞர் ஆல்வர் எலெகோர்ட் ஒரு பெருநூல் எழுதினார். காலப்பகுதி வாரியாக உரைநடை நூல்களில் ‘டூ’ வந்த இடங்களையும் வராத இடங்களையும் எண்ணி வரைபடமாக்கினார். பின்வந்தவர்கள் எந்தக் கொள்கையைச் சொன்னாலும் அவருடைய எண்ணிக்கையின் மேல் நின்றுதான் சொன்னார்கள்.

எலெகோர்டின் விடை இது: இடைக்கால ஆங்கிலத்தில் ‘டூ’ ஒருவரைக் கொண்டு ஒன்றைச் செய்விப்பதைக் குறித்தது. ‘அரசன் கோட்டை டிட் பில்ட்’ என்றால் கட்டுவித்தான் என்று பொருள். ஆனால் அரசன் கல் சுமக்க மாட்டான் என்பது எல்லோருக்கும் தெரியும். கேட்பவர் அதைக் கட்டினான் என்று எடுத்துக்கொண்டாலும் செய்தி மாறாது. இப்படிப்பட்ட வாக்கியங்கள் பெருகப் பெருக ‘டிட்’டிலிருந்து பிறவினைப் பொருள் கழன்று, இறந்தகாலம் மட்டும் மிஞ்சியது. தமிழருக்கு இது எளிதில் விளங்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் ‘நாம் எடுப்பிச்ச’ என்று பிறவினையில்தான் சொல்கிறான். நாமோ ராஜராஜன் கோயில் கட்டினான் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

‘வை’ என்ற வேர் முதலில் செய்விக்கும் துணைவினையாக ஆகுமா என்றால், அதற்கும் தமிழிலேயே விடை இருக்கிறது. ‘படிக்க வைத்தாள்’, ‘சிரிக்க வைத்தான்’ என்பவற்றில் ‘வை’ எதையும் எங்கும் வைப்பதில்லை. அதே வழியில்தான் ‘டூ’வும் நடந்திருக்கிறது. எலெகோர்டின் கொள்கைக்கு உள்ள உண்மையான இடர் வேறு: செய்விக்கும் ‘டூ’ மிகுந்திருந்தது கிழக்கில், பொருளற்ற ‘டூ’ தலைகாட்டியது மேற்கில்.

அந்த இடைவெளியில்தான் கெல்ட்டியக் கொள்கை நுழைகிறது. தென்மேற்கு இங்கிலாந்துக்கு அண்டையில் பேசப்பட்டவை வெல்ஷும் கார்னிஷும். இவற்றின் உறவுமொழி கடலுக்கு அப்பால் உள்ள பிரெட்டன். மூன்றிலும் ‘செய்’ துணைவினையாக வரும். பிரெட்டனில் ‘உண்ணல் செய்கிறேன்’ என்ற அமைப்பு உண்கிறேன் என்று மட்டுமே பொருள் தரும். 5ஆம் நூற்றாண்டில் ஆங்கிலோ-சாக்ஸன்கள் வந்து குடியேறியபோது உள்ளூர்க் கெல்ட்டியர் மெல்ல மெல்ல ஆங்கிலத்துக்கு மாறினார்கள். மாறும்போது தம் பழைய மொழியின் அமைப்பையும் கொண்டுவந்தார்கள் என்பது வாதம். பின்லாந்தின் யுஹானி க்ளெமோலா, மார்க்கு ஃபில்புலா போன்றோர் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். அமெரிக்காவின் ஜான் மக்வோர்ட்டர் 2008இல் வெளியான நூலில் பொது வாசகரிடமும் கொண்டுசென்றார்.

எதிர்ப்பாளர்களின் முதல் கேள்வி: 5ஆம் நூற்றாண்டில் கலந்தது 13ஆம் நூற்றாண்டுவரை எங்கே ஒளிந்திருந்தது? பேச்சில் இருந்தது, பழைய ஆங்கில எழுத்து மேட்டுக்குடியின் தரமொழி, 1066இல் நார்மன்கள் வென்று அந்தத் தரமொழி குலைந்த பிறகே பேச்சுமொழி எழுத்தில் ஏறியது என்பது ஆதரவாளர்களின் பதில். பதிவில்லாத பேச்சை வைத்து எதையும் நிறுவ முடியாது, மறுக்கவும் முடியாது. இரண்டாம் எதிர்ப்பு இன்னும் வலுவானது. கெல்ட்டியத் தொடர்பை நம்ப வேண்டிய தேவையே இல்லாத ஜெர்மன், டச்சு வட்டார வழக்குகளிலும் பொருளற்ற ‘டூன்’ தாராளமாக வருகிறது. இத்தாலியின் லொம்பார்டியில் மோன்னோ என்ற மலைக்கிராமம் இருக்கிறது. அங்கே பேசப்படும் வழக்கில் கேள்வி கேட்க ‘செய்’ என்ற வினையைத் துணைக்கு அழைக்கிறார்கள். ‘அவன் என்ன சாப்பிடுகிறான்?’ என்பதை ஆங்கிலம்போலவே ‘என்ன செய்கிறான் சாப்பிட?’ என்ற அமைப்பில் கேட்கிறார்கள். பாவோலா பெனின்காவும் செசிலியா பொலெட்டோவும் இதை 2004இல் விவரித்தார்கள்.

பிறந்த இடம் எதுவானாலும், வளர்ந்த விதம் தெளிவாகவே இருக்கிறது. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கிலச் சொல்வரிசை இறுகியது. வேற்றுமை உருபுகள் உதிர்ந்துபோன மொழியில் எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசைதான் யார் யாரைப் பார்த்தார் என்று சொல்ல வேண்டியிருந்தது. கேள்விக்காக வினையை முன்னே தூக்கினால் இரண்டு பெயர்கள் அடுத்தடுத்து வந்து குழப்பும். ‘கேன்’, ‘வில்’, ‘மே’ போன்ற துணைவினைகள் இருந்த வாக்கியங்களில் இந்தத் தொல்லை இல்லை. துணைவினை முன்னே போகும். முதன்மை வினை தன் செயப்படுபொருளை விட்டுப் பிரியாது. துணைவினை இல்லாத வாக்கியங்களுக்கும் அப்படி ஒன்று தேவைப்பட்டபோது, பொருளற்ற ‘டூ’ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. 1989இல் அந்தோணி க்ரோக் எலெகோர்டின் எண்களை மறுபடி கணக்கிட்டார். கேள்வியில் ‘டூ’ முந்துகிறது, மறுப்பில் பிந்துகிறது என்றாலும், மாற்றத்தின் வேகம் எல்லா இடத்திலும் ஒன்றே என்று காட்டினார். அவர் பார்வையில் பல சிறு பழக்கங்கள் தனித்தனியே மாறவில்லை. ஆழத்தில் ஒரே ஒரு மாற்றம் நடந்திருக்கிறது.

‘நோ’, ‘டவுட்’, ‘கேர்’ போன்ற சில அன்றாட வினைகள் மட்டும் மறுப்பில் நெடுநாள் முரண்டு பிடித்தன. ‘ஐ நோ நாட்’ என்பது மற்ற வினைகள் பணிந்த பின்னும் வழங்கியது. ‘பீ’ இன்றுவரை பணியவில்லை. இதற்கு விலக்கு, ‘டோண்ட் பீ லேட்’ போன்ற ஏவல்.

கேள்வியிலும் மறுப்பிலும் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில் சாதாரண உடன்பாட்டு வாக்கியத்திலும் ‘டூ’ பரவியது. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு வாக்கியம்வரை எட்டி, பிறகு சரிந்தது. 1611இல் வந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் உண்டார்கள் என்பதற்கு ‘டிட் ஈட்’ என்றே திரும்பத் திரும்ப வருகிறது. ‘ஈட்’ என்பதன் இறந்தகாலம் அந்நாளில் எழுத்தில் நிகழ்காலத்தோடு மயங்கக்கூடியதாக இருந்ததும் ஒரு காரணமாகலாம். சரிவுக்கு ஆர்யா நூர்மி 1999இல் தந்த விளக்கம் என்னைக் கவர்ந்தது. அவர் அக்காலக் கடிதத் தொகுப்புகளை ஆராய்ந்தார். 17ஆம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ‘டூ’ சட்டென்று குறைவதைக் கண்டார். 1603இல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் லண்டனில் அரியணை ஏறினார். அவரோடு வந்த அரசவையினரின் ஸ்காட் வழக்கில் இந்த ‘டூ’ அரிது. மேலிடத்துப் பேச்சைப் பார்த்து லண்டன்காரர்களும் விலகினார்கள் என்கிறார் நூர்மி. இலக்கண மாற்றத்தில் அரசவை மாற்றத்தின் நிழல் விழுவதைக் கடிதங்களின் வழியே இவ்வளவு நெருக்கத்தில் காட்டியது அரிய உழைப்பு.

1711இல் அலெக்சாண்டர் போப், அடியை நிரப்ப ‘டூ’வைச் செருகும் கவிஞர்களைத் தம் செய்யுளில் கடிந்தார். 1755இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதிக்கு முன்னுரையாக எழுதிய இலக்கணத்தில் உடன்பாட்டில் வரும் வெற்று ‘டூ’வைக் குற்றமென்றே எழுதினார். இருந்தும் அது சாகவில்லை. சட்டமும் சடங்கும் அதைக் காப்பாற்றி வைத்தன. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அமைச்சர்களும் உறுப்பினர்களும் எடுக்க வேண்டிய உறுதிமொழியின் ஆங்கில வாசகம் ‘டூ ஸ்வேர்’ என்றே வருகிறது. ஜான்சன் தள்ளிய அந்தச் சொல்லைச் சொல்லித்தான் பதவி ஏற்கிறார்கள். பிறந்த மண்ணிலும் அது நின்றது. டார்செட் மாவட்டத்துக் கவிஞர் வில்லியம் பார்ன்ஸ் 19ஆம் நூற்றாண்டில் தம் வட்டார மொழிக்கு இலக்கணம் எழுதியபோது, வழக்கமாக நடப்பதைச் சொல்ல அங்கே அழுத்தமில்லாத ‘டூ’ வருவதைப் பதிவு செய்தார். அயர்லாந்து ஆங்கிலத்தின் ‘டூ பீ’, பார்படாஸ் மக்களின் ‘டஸ்’ ஆகியவற்றிலும் இதே வழக்கப் பொருள் கேட்கிறது.

பொருளுள்ள ‘டூ’வின் கிளைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘ஹவ் டூ யூ டூ’ என்பதில் இரண்டாம் ‘டூ’வுக்கு நிலையில் இருத்தல் என்று பொருள், அமெரிக்கரின் ‘ஹவ்டி’ அதன் சுருக்கம். ‘தட் வில் டூ’ என்றால் போதும். ஷேக்ஸ்பியர் நாடகத் தலைப்பில் வரும் ‘அடூ’, வடக்கு இங்கிலாந்தில் ஸ்காண்டிநேவியர் விட்டுச்சென்ற ‘அட்’ என்ற எச்சக் குறியோடு ‘டூ’ சேர்ந்தது.

தமிழ்ச் சாட்சியத்துக்கு வருகிறேன். 1957இல் நோம் சாம்ஸ்கி ஆங்கில ‘டூ’வை ஒரு புதிய கோணத்தில் விளக்கினார். காலம் என்பது வினையோடு ஒட்டி நிற்க வேண்டிய உருபு. கேள்வியாலோ மறுப்பாலோ அழுத்தத்தாலோ வினைக்கும் காலத்துக்கும் நடுவே பிளவு விழுந்தால், காலம் ஒட்ட இடமின்றித் தனித்து நிற்கும். அதைத் தாங்க ஒரு வெற்று வினை வேண்டும்; அதுதான் ‘டூ’. இப்போது தமிழைக் கேளுங்கள். ‘மழை பெய்யத்தான் செய்தது.’ ‘ஊசி போட்டால் வலிக்கத்தான் செய்யும்.’ ‘அவர் வந்ததோடு பேசவும் செய்தார்.’ இவற்றில் மழை எதையும் செய்யவில்லை, வலியும் செய்யவில்லை. ‘பெய்தது’ என்பதில் வினையும் காலமும் பிரிக்க முடியாமல் ஒட்டியிருக்கின்றன. வினையை மட்டும் அழுத்த ‘தான்’ உள்ளே நுழைந்ததும் ‘பெய்ய’ ஒரு பக்கம் போகிறது, காலமும் விகுதியும் மறுபக்கம் அந்தரத்தில் நிற்கின்றன. அவற்றைத் தாங்க வருவது ‘செய்’. மலையாளத்தில் ‘போகுகயும் செய்து’ என்பதும் இதுவே. ஆங்கிலத்தின் அழுத்த வாக்கியமான ‘இட் டிட் ரெயின்’ என்பதை இதைவிட நெருக்கமாகச் சொல்ல வேறு அமைப்பே தேவையில்லை.

தமிழுக்கும் வெல்ஷுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தொடர்பே இல்லாமல் தமிழும் மோன்னோ கிராமமும் ‘செய்’ என்ற அதே வினையை வெறுமையாக்கி அதே வேலைக்கு அமர்த்தியிருக்கும்போது, ஆங்கிலத்துக்கு மட்டும் கெல்ட்டியர் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும் என்ற வாதம் தன் கட்டாயத்தை இழக்கிறது. தென்மேற்கில் தலைகாட்டியதற்குக் கெல்ட்டிய அண்டை ஒரு தூண்டுதலாக இருந்திருக்கலாம். அந்த நிலப்பொருத்தத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எல்லா வினைகளிலும் பொருள் மிகப் பொதுவானது ‘செய்’. காலத்தைச் சுமக்க ஆள் தேடும் எந்த மொழியின் கையும் முதலில் அதன்மேல்தான் படும்.

நம் பள்ளிகளில் பிள்ளைகள் ‘டிட் யூ வென்ட்’ என்று எழுதும்போது ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, ‘டிட்’ வந்தால் பின்னே வேர்வினை என்று விதியை ஒப்பிக்கச் சொல்கிறார். பிள்ளை அதை அடுத்த தேர்வுக்குள் மறந்துவிடுகிறது. அதே பிள்ளை ‘மழை பெய்ததுதான் செய்தது’ என்று ஒருநாளும் சொல்லியிருக்காது. காலத்தைச் ‘செய்’ எடுத்துக்கொண்ட பிறகு ‘பெய்’யில் காலம் நிற்காது என்பது பள்ளிக்கு வரும் முன்பே அதற்குத் தெரியும். ‘டிட்’டும் அப்படித்தான் என்று கரும்பலகையில் இரண்டு வாக்கியங்களையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினால், காலம் எந்தச் சொல்லில் இருக்கிறது என்பதைப் பிள்ளையே விரலால் தொட்டுச் சொல்லிவிடும்.